துடைத்தும் போகாத எழுத்து

ஏழுடன் மூன்றைக் கூட்டினால் பத்து. இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்னர், கல்முனைக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு காலைவேளையில், கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் இந்தக் கணக்குக்கு 'மறை நான்கு' என்று விடை எழுதியிருந்தான். கொப்பியைத் திருத்திய நான் சிவப்பு மையால் பிழைக்குறி இட்டேன். பையன் மெல்ல எழுந்து, "சேர், ஏழுக்கு முன்னால கோடு ஒண்டு கிடக்கே!" என்றான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், ஏதோ ஒரு நினைவில் அவன் இருந்த இடத்துக்குப் போய் நின்று பலகையைப் பார்த்தேன். கோடு கிடந்தது.

முந்திய நாள் எழுதித் துடைத்த சமன்பாடொன்றின் எச்சம் அது. மேசையருகில் நின்ற எனக்கு அது சாம்பல் நிற நிழலாகவே தெரிந்தது. புதிய எழுத்து வேறு, பழைய நிழல் வேறு என்று என் கண் தானாகவே பிரித்துக்கொண்டது. ஆனால் கடைசி வாங்கின் நிலை வேறு. யன்னலூடாக வந்த வெயில் பலகையிற்பட்டுத் தெறித்தது. மார்க்கர் பேனையோ உலர்ந்து போயிருந்தது. அங்கிருந்து பார்ப்பவனுக்குப் புதிய எழுத்தும் மங்கல், பழைய எழுத்தும் மங்கல். அவன் பலகையில் கண்ட கணக்கைப் பிழையின்றிச் செய்திருந்தான். மறை ஏழுடன் மூன்றைக் கூட்டினால் மறை நான்குதானே? பிழைக்குறியை அடித்துவிட்டுச் சரிக்குறி இட்டேன்.

அன்று மாலைதான் அந்தப் பலகையைப்பற்றி எண்ணத் தொடங்கினேன். அதைக் கெடுத்தவன் வேறு யாருமல்லன், நானேதான் என்ற உண்மை சிறிது சிறிதாகவே புலனாயிற்று. தவணை தொடங்கிய நாளில், பழைய கறைகளைப் போக்கவேண்டுமென்ற ஆர்வத்தால், பாத்திரம் துலக்கும் தூளையும் தேங்காய்த் தும்பையும் கொண்டு அதனைத் தேய் தேயென்று தேய்த்திருந்தேன். பலகை பளிச்சென்றாயிற்று. கண்டவர்கள் பாராட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் அதில் எழுதிய ஒவ்வோர் எழுத்தும் தன் நிழலை விட்டுச்செல்லலாயிற்று.

இன்று மருதமுனையிலிருந்து பொத்துவில்வரை, பாடசாலைகளிலும் தனியார் வகுப்புகளிலும் குர்ஆன் மதரஸாக்களிலும் வெண்பலகை புகுந்துவிட்டது. அதனை எவ்வாறு பேணுவதென்ற அறிவு மட்டும் அதனுடன் வந்து சேரவில்லை. ('வெண்பலகை' என்ற சொல்லைக் கையாள்வதில் எனக்குத் தயக்கமில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் கற்பித்து, கலைச்சொல்லாக்கத்திலும் உழைத்தவர் விபுலாநந்த அடிகள். 'கரும்பலகை' என்ற சொல் இருக்கையில் இதற்கு அவர் மறுப்புச் சொல்லியிருப்பாரென்று நான் நினைக்கவில்லை.)

தேய்த்துப் பழகிய கை

எங்கள் தலைமுறை கரும்பலகையில் வளர்ந்தது. தவணைக்கொரு முறை அதற்குக் கரி பூசுவது மாணவர்க்கு ஒரு திருவிழா. தீர்ந்துபோன பற்றரிகளை உடைத்து உள்ளேயிருக்கும் கருந்தூளை எடுப்போம். இலைச்சாறு விட்டுக் குழைத்துப் பூசுவோம். தமிழகத்துக் கிராமப் பள்ளிகளில் கோவையிலையும் அடுப்புக்கரியும் இவ்வேலைக்குப் பயன்பட்டன. பிள்ளைகளின் சிலேட்டுக்கும் அதுவே மருந்து. பூசுமுன் தும்பால் நன்றாக உரைக்கவேண்டும். உரைக்க உரைக்கப் பலகை உயிர்பெறும். இதற்குக் காரணம் உண்டு. வெண்கட்டி என்பது சுண்ணக்கல் அல்லது ஜிப்சம் என்னும் மென்மையான கனிப்பொருள். அது எழுதவேண்டுமாயின் பலகை அதனைச் சிறிது அராவி எடுக்கவேண்டும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருந்தாலன்றித் துகள் உதிராது, எழுத்தும் விழாது. வழுவழுப்பாகிவிட்ட கரும்பலகை செத்த பலகை. தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் அது மீண்டும் எழும்.

இந்த வழக்கத்துக்கும் முன்னே மணல் இருந்தது. கடற்கரை ஊரவர்களாகிய நமக்கு மணலில் எழுதுவதை எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் மணல் எழுத்து உலகக் கல்வி வரலாற்றில் இடம்பெற்ற கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகமொன்றுக்குப் பொறுப்பேற்றவர் அன்ட்ரூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார். உள்ளூர்ப் பள்ளியொன்றின் பிள்ளைகள் நிலத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை அவர் ஒருநாள் கண்டார். காப்பகத்திலும் அதனைத் தொடங்கிவைத்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டுடன் சேர்த்து, 1797இல் இலண்டனில் அதுபற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் பள்ளிகளிற் பரவிற்று. மணல் தட்டைப்போல் நிறைவான எழுதுபலகை வேறொன்றில்லை. ஒருமுறை குலுக்கினால் போதும். நேற்றைய எழுத்தின் நிழல் அதில் ஒருபோதும் தங்காது.

சுவரில் மாட்டும் பெரிய கரும்பலகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. எடின்பரோ நகரில் தலைமையாசிரியராயிருந்த ஜேம்ஸ் பிலான்ஸ் என்பவர் புவியியல் கற்பிப்பதற்காக அதனைப் பயன்படுத்தினார் என்பர்.

முஸ்லிம் உலகில் இவற்றினும் பழையதொரு பலகையுண்டு. மொரோக்கோவிலும் மேற்கு ஆபிரிக்காவிலும் சூடானிலும் குர்ஆன் ஓதும் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் மரப்பலகைக்கு 'லவ்ஹ்' என்று பெயர். கரிய மையால் வசனத்தை எழுதி, மனனம் செய்து முடித்தபின், பலகையை நீரால் கழுவுவார்கள். கழுவிய நீரை மிதிபடும் இடத்தில் ஊற்றமாட்டார்கள். பலவிடங்களில், கழுவிய பலகைமீது வெண்களிமண்ணைப் பூசிக் காயவைத்து அடுத்த பாடத்தை எழுதுவார்கள். நம் ஊர்களிலும் பலகையில் எழுதி ஓதிய முதியவர்கள் இருந்தார்கள். பெயரை விட்டுப் பொருளைப் பார்த்தால், களிமண் பூசிய அந்தப் பலகையே முதல் வெண்பலகை. ஒவ்வொரு பாடத்துக்கும் அதற்குப் புதியதொரு தோல் கிடைத்தது.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் ஒன்றே. மணலும் மரமும் கரும்பலகையும் நம் கைக்கு ஒரே பாடத்தைத்தான் கற்பித்தன: அழுக்கானால் தேய், தேய்ந்தால் பூசு. அந்தக் கையோடுதான் நாம் வெண்பலகையிடம் போனோம். அதன் இயல்போ நேர்மாறானது.

ஒட்டாத மை

வெண்பலகை 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் உருவானது. ஆரம்பகாலத்தில் அதில் எழுதியதை ஈரத்துணியால்தான் அழிக்கவேண்டியிருந்தது. உலர்துணியால் அழியும் மை 1970களின் நடுவில் வந்தபின்னரே அதற்கு நல்ல காலம் பிறந்தது. உண்மையில் புதுமை பலகையிலன்று, மையிலேயே இருக்கிறது.

அந்த மையில் நிறப்பொடி, அதனைக் கோத்துப் பிடிக்கும் பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் அற்ககோல் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருள். எழுதியவுடன் அற்ககோல் ஆவியாகிறது. நிறமும் பிசினும் மெல்லிய ஏடாகப் படிகின்றன. எண்ணெய்ப்பொருள் அந்த ஏட்டுக்கும் பலகைக்கும் இடையே நின்று, ஒட்டவிடாமல் தடுக்கிறது. தாமரையிலைத் தண்ணீர் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அவ்வாறான உறவு. துணி பட்டதும் ஏடு அப்படியே உரிந்து வந்துவிடும். எளிதில் அழியாத பெர்மனன்ட் மார்க்கரில் இந்த நான்காம் பொருள் இல்லை. அதன் பிசின் பலகையை நேரே பற்றிக்கொள்கிறது.

ஆகவே, வெண்பலகைக்கு வேண்டியது வழுவழுப்பு. மேற்பரப்பிற் கீறல் விழுந்தால் மை அதனுள் இறங்கிவிடும். துணியின் இழை அதற்குள் புகாது. பள்ளத்தில் தங்கிய அந்த மைதான் நாம் காணும் நிழல். கரும்பலகையை உயிர்ப்பித்த அதே தும்பும் தூளும் வெண்பலகையைக் கொல்கின்றன. என் கை பழைய அறிவின்படி செய்தது சரிதான், பலகைதான் வேறு.

எல்லா வெண்பலகைகளும் ஒரே சாதியுமல்ல. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பொடியைச் சுமார் 800 பாகை செல்சியசில் உருக்கி ஒட்டிய எனாமல் பலகை முதல்தரமானது, கண்ணாடியைப்போற் கடினமானது, நெடுங்காலம் உழைக்கும். தகட்டின்மேல் வர்ணம் பூசியது இடைத்தரம். மரத்தூள் அட்டையின்மேல் மெலமைன் பிசினூறிய தாளை அழுத்தி ஒட்டியதே மலிவானது. நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இக்கடைசி வகையே. சிறு காந்தமொன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அது மெலமைன். தேய்க்காவிட்டாலுங்கூட அதன் தோல் சில ஆண்டுகளில் தானாகவே நுண்துளை விட்டுப்போகும். எனவே அதற்கு மற்றவற்றைவிட மென்மையான கை தேவை.

புள்ளியின் பெறுமதி

ஒரு கோட்டுக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கேட்கலாம். வேறெங்கேனும் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நம் ஊர் வகுப்பறையில் ஒரே பலகையில் முதற்பாடவேளையில் தமிழ், அடுத்ததில் கணிதம், பின்னர் அரபு என்று எழுதப்படுகிறது. இம்மூன்றுமே புள்ளியை நம்பி வாழ்பவை. தமிழில் ஒரு புள்ளி இருந்தால் மெய், இல்லாவிட்டால் உயிர்மெய். கணிதத்தில் ஒரு புள்ளி தசமத்தை இடம்பெயர்க்கும். அரபிலோ, பா, தா, ஸா என்னும் மூன்றெழுத்துகளுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வேற்றுமை. நேற்றைய தமிழ்ப் பாடத்தின் மிச்சப் புள்ளியொன்று இன்றைய அரபெழுத்தின் தலைமேல் வந்து உட்கார்ந்தால், முதன்முதலில் எழுத்துக் கூட்டும் பிள்ளை என்ன செய்யும்?

நம் முன்னோர் ஓலையில் எழுதியபோது, எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடுமென்று அஞ்சிப் புள்ளியிடாமலே விட்டனர். ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் அதனாற் பட்ட பாட்டைக் கற்றோர் அறிவர். ஓலையில் இருக்கவேண்டிய புள்ளி இல்லை. நம் பலகையிலோ இருக்கக்கூடாத புள்ளி இருக்கிறது. பதிப்பாசிரியர்களுக்காவது இலக்கணமும் யாப்பும் துணைநின்றன. ஆறு வயதுப் பிள்ளைக்கு அத்தகைய துணை எதுவுமில்லை. தெரியவில்லையென்று எழுந்து சொல்லும் பிள்ளையும் ஆயிரத்தில் ஒன்றுதான். ஏனைய பிள்ளைகள் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதும், அல்லது எழுதாமலே இருந்துவிடும். நாமும் அதனைக் கவனமின்மை என்று எண்ணிக்கொள்வோம்.

கச்சானும் உப்பும்

கரையோரத்துக்கென்றே சில இடர்கள் உண்டு. வைகாசி, ஆனி மாதங்களில் மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது வகுப்பறை அடுப்பாகிவிடும். மூடி திறந்து வைத்த மார்க்கரின் முனை சிறிது நேரத்துக்குள் வறண்டுபோகும். வெள்ளிக்கிழமையும் வார இறுதியும் எழுத்தை அழிக்காமல் விட்டால் மை வெயிலிற் காய்ந்து இறுகிப் பலகையைப் பற்றிக்கொள்ளும். அன்றன்று துடைத்த பலகைக்கும் மூன்று நாள் விட்டுத் துடைத்த பலகைக்கும் உள்ள வேற்றுமையை எவரும் ஒருமுறை செய்து பார்த்து அறிந்துகொள்ளலாம்.

வாடைக் காலத்தில் ஈரம். மெலமைன் பலகையின் ஓரத்தால் ஈரம் உள்ளே புகுந்தால் அட்டை ஊதிவிடும். தகட்டுப் பலகையாயின் சட்டத்தின் கீழே துருவேறும். கடற்காற்றின் உப்பு ஆண்டு முழுவதும் மெல்லிய படலமாகப் படிந்துகொண்டேயிருக்கும். இதற்குமேல் நாமும் ஒன்று செய்கிறோம்: உவர்க்கிணற்று நீரில் துணியை நனைத்துத் துடைக்கிறோம். நீர் காய்ந்தபின் அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் வெள்ளைப் பூச்சாகப் பலகையில் தங்கிவிடும். அழுக்கு நீங்கவில்லை என்று மறுபடியும் அதே நீரால் தேய்ப்போம். குடிக்கும் நீரில் ஒரு கிண்ணம் போதுமே!

அலுமாரியிலிருந்து

இனி மருந்துக்கு வருவோம். முதல் மருந்து ஆசிரியரின் கையிலேயே இருக்கிறது. இறுகிப்போன பழைய எழுத்தின்மேல் புதிய மார்க்கரால் தாராளமாக எழுதி, காயுமுன்னே துடைத்துப் பாருங்கள். பழைய எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். புதிய மையிலுள்ள அற்ககோல் பழைய பிசினைக் கரைக்கிறது. அதிலுள்ள எண்ணெய்ப்பொருள் இரண்டையும் சேர்த்துத் தூக்குகிறது. யாரேனும் கைதவறிப் பெர்மனன்ட் மார்க்கரால் எழுதிவிட்டாலும் இதுவே வழி. இதனை முதன்முதலில் எனக்குக் காட்டியவள் பத்தாந்தர மாணவி ஒருத்தி. யாரிடம் கற்றாயென்று கேட்டேன். தம்பியின் குறும்பை மறைக்கப்போய்க் கற்றுக்கொண்டாளாம்.

அடுத்தது ஓடிக்கொலோன். காய்ச்சல்காரரின் நெற்றிக்குத் துணி நனைத்துப் போடுவதற்காக நம் வீடுகளில் வைத்திருக்கும் அந்தச் சிறு போத்தல், ஜேர்மனியின் கொலோன் நகரில் 1709ஆம் ஆண்டளவில் தொடங்கிய வாசனை நீரின் வழித்தோன்றல். அதிற் பெரும்பகுதி அற்ககோலே. பருத்தித் துணியில் சில துளி விட்டு, வட்டமாகத் தேய்க்காமல் ஒரே போக்கில் இழுத்தால் கறை துணிக்கு வந்துவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப்பக்கத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். இல்லாவிடில் ஓரிடத்துக் கறையை மற்றோரிடத்துக்குப் பூசியதாகவே முடியும். மருந்துக்கடையில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் இன்னும் மலிவு, இன்னும் வலிது. இரண்டுமே எளிதில் தீப்பற்றுபவை. யன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகள் இல்லாத வேளையிற் செய்வது நன்று.

2020இல் கொவிட் நோய் வந்தபோது, கைகளுக்குப் பூசும் கிருமிநீக்கிப் போத்தல் பாடசாலைப் படலைவரை வந்தது. மீந்துபோனவற்றைப் பலகைக்குப் பயன்படுத்தினோர் உண்டு. கறை போகும். ஆனால் கையில் வழியாமல் நிற்பதற்காகச் சேர்த்த பசையும், தோல் வறளாதிருக்கச் சேர்த்த கிளிசரினும் பலகையில் தங்கி, அடுத்து எழுதும் மையைப் பிசுபிசுக்கச் செய்யும். ஈரத்துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை துடைத்தாலன்றி வேலை முடிந்ததாகாது. ஓடிக்கொலோனிலுள்ள வாசனை எண்ணெய்க்கும் இதே விதிதான்.

தேங்காயெண்ணெயைச் சொன்னால் சிலர் நகைப்பார்கள். ஆயினும் பல மாதம் இறுகிப்போன மையை இளக்குவதற்கு அது உதவும். பஞ்சில் தொட்டுப் பூசிக் கால்மணி நேரம் விட்டுத் துடைக்கவேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரத்தில் ஒரு துளியை நீரில் விட்டு எண்ணெய்ப்பசை முழுவதையும் எடுக்கவேண்டும். எண்ணெய் எஞ்சினால் மார்க்கர் வழுக்கி எழுத்து அறுந்தறுந்து விழும். பொறுமையில்லாதவர்கள் இதனைத் தொடாதிருப்பதே நலம்.

வினாகிரி உவர்நீர் விட்ட வெள்ளைப் பூச்சைப் போக்கும். மையை அதிகம் அசைக்காது. நீர் கலந்து பாவித்து, உலோகச் சட்டத்திற் படாமல் துடைத்துவிடலாம்.

பற்பசை, அப்பச்சோடா, சாம்பல், பாத்திரத் தூள் ஆகியவற்றைப்பற்றி ஒரு கூட்டமாகவே சொல்லிவிடுகிறேன். இவை கறையைக் கரைப்பவை அல்ல, அராவுபவை. பற்பசை பல்லைத் துலக்குவதும் அதிலுள்ள நுண்பொடியால்தான். இவற்றால் தேய்த்த அன்று பலகை வெளுத்து அழகாயிருக்கும். அந்த அழகே ஏமாற்று. வெளுத்தது கறையோடு தோலும் போனதனால். ஒரே ஒரு பிடிவாதமான புள்ளிக்கு அப்பச்சோடாவை நீரில் குழைத்து விரல்நுனியால் மெல்லத் தொடலாமென்று சிலர் சொல்வதை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் முழுப்பலகையையும் அதனால் தேய்ப்பதை மறுக்கிறேன், பட்டவன் சொல்கிறேன்.

கியூட்டெக்ஸ் அழிக்கும் திரவம், தின்னர், பெற்றோல் ஆகியவை வேறொரு வகையில் ஆபத்தானவை. அவை மையோடு வர்ணப்பூச்சையும் பிளாஸ்ரிக் சட்டத்தையும் கரைக்க வல்லவை. பெற்றோலை வகுப்பறைக்குள் கொண்டுவருவதே தவறு. எதனைப் பூசுவதாயினும் பலகையின் கீழ்மூலையில் ஓர் அங்குல இடத்தில் முதலிற் பூசிப் பார்த்துவிடுவது வழக்கமாகவேண்டும்.

துணியைப்பற்றியும் ஒரு வார்த்தை. கடையிலிருந்து வந்த டஸ்டர் சில வாரங்களில் மைத்தூளால் நிறைந்து, துடைப்பதற்குப் பதிலாகக் கரியைப் பூசத் தொடங்கிவிடும். அதனைக் கழுவிக் காயவைக்கலாமென்று எண்ணுவோர் சிலரே. நான் பாவிப்பது மருதமுனைக் கைத்தறிச் சாரமொன்றின் கிழிந்த துண்டு. பல ஆண்டு உடுத்துத் துவைத்த பருத்தி நூலின் மென்மைக்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் காணவில்லை. நெசவாளர்கள் இதனைப் புகழாக எடுத்துக்கொள்வார்களோ, குறையாக எடுத்துக்கொள்வார்களோ, அறியேன்.

தோல் போனபின்

இவ்வளவும் தோல் உள்ள பலகைக்கு. தோல் போய்விட்டால்? மோட்டார் வண்டிக்குப் பூசும் மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் துணியால் மினுக்கினால், கீறல்கள் சில வாரங்களுக்கு நிரம்பி நிற்கும். தடிப்பாகப் பூசினால் மார்க்கர் வழுக்கும். வெண்பலகைக்கென்றே வர்ணமும் ஒட்டுத்தாளும் விற்கிறார்கள். நல்ல வேலையே, ஆனால் கைப்பழக்கமில்லாதவர் பூசினால் தூரிகைத் தடம் நின்று, பழைய குறையோடு புதிய குறையும் சேரும். பணச்செலவு கருதுவோர்க்கு இன்னொன்று உண்டு: தடித்த கண்ணாடித் துண்டொன்றின் பின்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசி, விளிம்பைச் சட்டத்துக்குள் அடக்கிச் சுவரில் உறுதியாகப் பொருத்தினால், கறையே பற்றாத பலகை கிடைக்கும். கண்ணாடிக்கு நுண்துளையில்லை. சிறுபிள்ளைகள் வகுப்பில் உடைந்துவிடுமென்ற அச்சம் மட்டும் நியாயமானது.

புதிதாக வாங்கிவிடலாமே என்று சொல்வோர் 2022ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டார்கள். அந்நியச் செலாவணி இல்லாமல் நாடு தவித்த அந்த ஆண்டில், தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. பிரதியெடுத்துக் கொடுக்கத் தாளில்லாத வகுப்பில் பலகையொன்றே பாடநூல், வினாத்தாள் எல்லாம். அந்நாட்களில் வறண்ட மார்க்கர்களுக்குள் ஸ்பிரிட் விட்டு உயிர்கொடுத்தவர்களை நான் அறிவேன். சில நாட்களுக்கு எழுதும். ஆனால் நிறமும் எண்ணெய்ப்பொருளும் நீர்த்துப்போவதால் எழுத்து மங்கும், நிழலும் பெருகும். வேறு வழியில்லாதபோது அதையும் குறைசொல்ல முடியாது.

நான் கெடுத்த பலகையின் முடிவைச் சொல்லவேண்டுமல்லவா? மெழுகு பூசிப் பார்த்தேன். ஒரு மாதம் நின்றது. பிறகு ஒரு விடுமுறை நாளில், மாணவர் சிலருடன் அதைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஏற்கெனவே கீறல் விழுந்திருந்த தோலை உப்புத்தாளால் முழுவதும் சீராகத் தேய்த்தோம். இம்முறை தும்பு செய்யத் தொடங்கிய வேலையை முடித்துவைத்தோம் என்றே சொல்லவேண்டும். கரும்பலகை வர்ணம் இரண்டு பூச்சுப் பூசினோம். மூன்று நாள் காய்ந்தபின், வெண்கட்டியைப் படுக்கையாகப் பிடித்துப் பலகை முழுவதும் உரைத்துத் துடைத்தோம். புதிய கரும்பலகைக்கு இதைச் செய்யாவிட்டால் முதல் எழுதும் எழுத்து அதிலும் நிழல் விட்டுவிடும். அது இரண்டாந்தர வகுப்புக்குப் போயிற்று.

மாட்டி முடித்ததும் ஏழுடன் மூன்றைக் கூட்டுமாறு அதில் எழுதினேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு வகுப்பின் கடைசிச் சுவரோடு நிற்கச் சொன்னேன்.

"கோடு ஏதும் கிடக்கா?"

"இல்ல சேர்."